ஓலையும் காசோலையும்: பொய்யாவணக் குற்றமும் எதிர்வாத நெறியும்

முன்னுரை

காசோலை என்னும் சொல் தமிழுக்குப் புதியது. அதனுள் உறையும் ஓலையோ மிகப் பழையது. கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருவரையொருவர் நம்புதற்குத் துணையாக எழுத்து வந்தது. எழுத்து வந்த அன்றே அதன் நிழலாகப் பொய்யெழுத்தும் வந்துவிட்டது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையில் வாரியத்துக்குத் தெரிவு செய்யத் தகாதோரைப் பட்டியலிடும்போது பொய்யோலை எழுதியோரையும் அப்பட்டியலில் சேர்க்கின்றது. பத்தாம் நூற்றாண்டின் ஊர்ச்சபையே இக்குற்றத்தைப் பொதுவாழ்வுக்குத் தகுதி நீக்கும் குற்றமாகக் கருதியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நீதிமன்ற வழக்கில் இன்று வழங்கும் சொற்களையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், அசல், நகல், பாக்கி, வசூல், ஜப்தி, வாய்தா ஆகியன அரபு மொழியில் வேர் கொண்டவை. தஸ்தாவேஜு, ரசீது ஆகியன பாரசீகம் தந்தவை. இவை அனைத்தும் தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்கள் நாவிலும் பழகியவை. இத்துணைச் சொற்களை நாம் அறிந்திருந்தும், ஒரு காசோலையில் கையெழுத்திடும் கணத்தில் எத்தகைய சட்டப் பொறுப்பை ஏற்கிறோம் என்பதை நம்மில் பலர் அறியோம். ‘செக் திரும்பினால் என்ன, வங்கி அபராதம் போடும், அவ்வளவுதானே’ என்பார் ஒரு சாரார். ‘செக் திரும்பினால் உடனே போலீஸ் வந்து பிடித்துச் செல்லும்’ என்று அஞ்சுவார் மற்றொரு சாரார். இரண்டும் பிழை. இவ்விரு பிழைகளுக்கும் இடைப்பட்ட உண்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் இரு வழக்குகள்

ஆவணத்தையும் சான்றையும் எவ்வாறு ஆராய வேண்டும், எவ்வாறு ஆராயக் கூடாது என்பதற்கு நம் இலக்கியத்திலேயே இரு வழக்குகள் உள்ளன.

முதலாவது பெரியபுராணம் காட்டுவது. புத்தூரில் நம்பியாரூரர் திருமணத்தின்போது முதிய அந்தணர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு அடிமை என்றும், அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் உண்டு என்றும் உரைக்கின்றார். ஆரூரர் சினந்து அவ்வோலையைப் பற்றிக் கிழித்து விடுகின்றார். கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை தம்மிடம் உளது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. அவையோர் முதியவர் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி ஆகியவற்றுள் ஒன்றால் மெய்ப்பிக்குமாறு கேட்கின்றனர். மூலவோலை படிக்கப்படுகின்றது. சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்பிட்டு நோக்குகின்றனர். அதன் பின்னரே தீர்ப்பு வழங்கப்படுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் காட்டும் இந்நடைமுறை, அசலைக் கேட்டல், சாட்சியை ஆய்தல், ஒப்புக்கொள்ளப்பட்ட கையெழுத்தோடு ஒப்பிடுதல் என்னும் மூன்று படிகளிலும் இன்றைய நீதிமன்ற நடைமுறையை ஒத்திருக்கின்றது.

இரண்டாவது சிலப்பதிகாரம் காட்டுவது. பொற்கொல்லன் சொல் ஒன்றையே கொண்டு பாண்டிய மன்னன் ஆணையிடக் கோவலன் கொலையுண்டான். அவனுக்கு ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. மறுமொழி கூறும் வாய்ப்பும் இல்லை. பின்னர்க் கண்ணகி அரசவையில் சிலம்பை உடைத்தபோது மாணிக்கப் பரல் தெறித்தது. அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல். ஒப்பீடு அங்கும் நடந்தது. ஆனால் தண்டனைக்குப் பிறகு நடந்தது.

திருவெண்ணெய்நல்லூரில் ஒப்பீடு முன்னும் தீர்ப்பு பின்னுமாக அமைந்தன. மதுரையில் முறை மாறியது. குற்றவியல் எதிர்வாதம் என்னும் துறையின் பொருள் முழுவதும் இவ்வரிசை மாறாமல் காப்பதிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

கல்கத்தாவில் ஒரு தூக்குத் தண்டனை

இந்திய வரலாற்றில் பொய்யாவண வழக்கு என்றதும் நினைவுக்கு வருவது மகாராஜா நந்தகுமார் வழக்கு. 1775 மார்ச்சில் அவர், தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் கையூட்டுப் பெற்றதாக ஆட்சிக் குழுவின்முன் குற்றஞ்சாட்டினார். சில வாரங்களுக்குள், மே மாதத்தில், பல ஆண்டுகட்கு முற்பட்ட ஒரு கடன் பத்திரத்தைப் பொய்யாகப் புனைந்தார் என்னும் குற்றச்சாட்டின்மேல் அவரே கைதானார். 1774-இல் தொடங்கப்பெற்ற கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி எலிஜா இம்பேயும் பிற நீதிபதிகளும் அமர்ந்து ஜூன் மாதத்தில் வழக்கை விசாரித்தனர். பன்னிரு ஐரோப்பியர் ஜூரிகளாக இருந்தனர். நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. 1775 ஆகஸ்டு 5-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பது இன்றளவும் அறிஞரிடையே பூசலுக்குரிய செய்தியாகவே உள்ளது. மெக்காலே இம்பேயைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1885-இல் இம்பேயைத் தாங்கி ஒரு நூலே எழுதினார். நாம் இங்குக் கருத வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, பொய்யாவணத்துக்கு மரண தண்டனை என்பது அன்றைய ஆங்கில நாட்டுச் சட்டம். வங்காள மக்கள் அறியாத அச்சட்டமே அவர்மேல் செலுத்தப்பட்டது. இரண்டாவது, அக்காலத்து ஆங்கில நெறிப்படி, பெருங்குற்ற வழக்குகளில் எதிரியின் வழக்கறிஞர் சாட்சிகளை விசாரிக்கலாம், சட்ட நுணுக்கம் பேசலாம். ஆயினும் வழக்கின் உண்மைகளைத் தொகுத்து ஜூரிகளை நோக்கி உரையாற்ற முடியாது. அவ்வுரிமை இங்கிலாந்தில் 1836-இல்தான் சட்டமாக வழங்கப்பட்டது.

தான் அறியாத சட்டம், தனக்காகப் பேச முடியாத வழக்கறிஞர் என்னும் இவ்விரண்டும் சேர்ந்தால் விசாரணை என்ன ஆகும் என்பதற்கு இவ்வழக்கு ஓர் எச்சரிக்கை. இன்று நம் அரசமைப்பின் 22-ஆம் பிரிவு, கைது செய்யப்பட்ட எவரும் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து கொள்ளவும் அவரால் வாதாடப் பெறவும் உரிமை தருகின்றது. 39அ பிரிவு, வறுமையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்று கூறி இலவசச் சட்ட உதவிக்கு வழிகோலுகின்றது.

பொய்யாவணம் என்பது யாது?

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 463 முதலான பிரிவுகளில் இக்குற்றத்தை வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா 335, 336 முதலான பிரிவுகளில் அவ்வரையறையைப் பெரும்பாலும் அவ்வாறே எடுத்துக் கொண்டுள்ளது. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

இக்குற்றம் நிலைபெற இரண்டு வேண்டும். ஒன்று, பொய்யான ஆவணம் ஒன்று உருவாக்கப்பட்டிருத்தல் வேண்டும். மற்றொன்று, பிறருக்குத் தீங்கு செய்யவோ, இல்லாத உரிமையை நிலைநாட்டவோ, பொருளைப் பறிக்கவோ, மோசடி செய்யவோ கருதிய உள்ளம் வேண்டும். கை மட்டும் பிழை செய்தால் போதாது. கருத்தும் பிழை செய்திருத்தல் வேண்டும்.

சட்டமே சில எடுத்துக்காட்டுகளைத் தருகின்றது. அவற்றைத் தமிழ்ப்படுத்திக் காண்போம். பத்தாயிரம் ரூபாய்க்கான கடன் முறியில் ஒரு சுழியைச் சேர்த்து இலட்சமாக்கினால் அது பொய்யாவணம். ஒருவர் கையெழுத்திட்டுத் தொகை எழுதாமல் விட்ட காசோலையை மற்றொருவன் கண்டெடுத்து, வஞ்சகமாகத் தொகையை நிரப்பினால் அதுவும் பொய்யாவணம். பத்தாயிரத்துக்கு மேற்படாமல் நிரப்பிக்கொள் என்று முகவரிடம் கொடுத்த காசோலையில் அவர் வஞ்சகமாக இருபதாயிரம் எழுதினாலும் அக்குற்றமே. இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. ஒருவன் தன் பெயரைத் தானே எழுதுவதும் பொய்யாவணம் ஆகலாம். அதே பெயருடைய வேறொருவர் எழுதியதாகப் பிறர் நம்பட்டும் என்று கருதித் தன் பெயரை எழுதினால், எழுத்து மெய்யே ஆயினும் ஆவணம் பொய்யாகின்றது.

மறுபுறம், பொய் கூறும் ஆவணம் எல்லாம் பொய்யாவணம் ஆவதில்லை. தனக்கு உரிமையில்லா நிலத்தைத் தனதென்று கூறித் தன் பெயரிலேயே ஒருவர் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அது பொய்யாவணக் குற்றம் ஆகாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஏனெனில், அவர் வேறொருவராக நடிக்கவில்லை. தாமாகவே நின்று பொய்யுரைத்தார். வாங்கியவரை ஏமாற்றியதற்காக மோசடிக் குற்றம் எழலாம். ஆயின் அது வேறு குற்றம். எதிர்வாதத்தின் முதற்பாடம் இதுவே: ‘நடந்தது தவறு’ என்பது வேறு, ‘நடந்தது சாட்டப்பட்ட இந்தக் குற்றம்’ என்பது வேறு.

தண்டனையும் படிப்படியாக அமைந்துள்ளது. பொதுவான பொய்யாவணத்துக்கு இரண்டாண்டு வரை சிறை. ஏமாற்றும் பொருட்டுச் செய்தால் ஏழாண்டு வரை. உயில், காசோலை போன்ற மதிப்புடைய ஆவணங்களாயின் பத்தாண்டு வரையோ ஆயுள் முழுவதுமோ சிறை. பொய்யென்று அறிந்தே அதனை மெய்போல் பயன்படுத்துபவரும், அதனைச் செய்தவர் போன்றே தண்டிக்கப்படுவார். மாணவர்கள் இதனை மறத்தல் ஆகாது. மதிப்பெண் சான்றிதழில் ஓர் எண்ணைத் திருத்தி வேலைக்கு விண்ணப்பிப்பவர், ‘திருத்தியவர் வேறொருவர்’ என்று கூறித் தப்ப இயலாது.

திரும்பி வந்த காசோலை

இனிக் காசோலைக்கு வருவோம். நீண்ட காலம் வரை, கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவது பெரும்பாலும் உரிமையியல் வழக்காகவே இருந்தது. எழுதும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று மெய்ப்பித்தால் மட்டுமே மோசடி வழக்கு நிற்கும். இதனால் காசோலை மீது வணிகர்க்கு நம்பிக்கை குன்றியது. அதனைச் சரிசெய்ய, 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆம் பிரிவு முதலாயின சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

பொய்யாவணத்துக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை நாம் நன்கு உணர வேண்டும். அங்கே வஞ்சக உள்ளம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். இங்கே அது தேவையில்லை. ‘பணம் இருக்கும் என்று நம்பினேன்’ என்பது எதிர்வாதம் ஆகாது என்று 140-ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகின்றது. நேர்மையான மனிதரும், வணிகம் நொடித்து வாக்குத் தவறினால், இப்பிரிவின்கீழ்க் குற்றவாளியாகலாம்.

இவ்வாறு கடுமையாக அமைந்த காரணத்தாலேயே சட்டம் சில படிகளைக் கட்டாயமாக்கியுள்ளது. அவை கடன் கொடுத்தவர்க்கு ஏணி. கடன் பெற்றவர்க்கு அரண். முறையீட்டை நேரடியாகக் குற்றவியல் நடுவர் முன்பே எழுத்து வடிவில் தாக்கல் செய்ய வேண்டும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிந்து தொடங்கும் வழக்கு அன்று இது. குற்றம் பிணையில் விடத்தக்கது. எந்த நிலையிலும் இருவரும் இணங்கி வழக்கை முடித்துக்கொள்ளலாம். தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். தொடக்கத்தில் ஓராண்டு என்றிருந்த சிறைக்காலம் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாண்டாயிற்று.

நாள் கணக்கு

இவ்வழக்கில் நாள்களே உயிர்நாடி. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒரு சிறு வணிகர், தாம் வாங்கிய சரக்குக்காக இரண்டு இலட்சம் ரூபாய்க்கு ஜனவரி 10-ஆம் நாளிட்டுக் காசோலை தருகின்றார் எனக் கொள்வோம். 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் செல்லுபடிக் காலம் மூன்று மாதம் என ரிசர்வ் வங்கி வரையறுத்துள்ளது. அதற்குள் அது வங்கியில் செலுத்தப்பட வேண்டும். ஜனவரி 20-இல் செலுத்தப்பட்டது. போதிய பணமில்லை என்னும் வங்கிக் குறிப்பு ஜனவரி 22-இல் பெறுநர் கைக்கு வந்தது. அதிலிருந்து 30 நாள்களுக்குள், அதாவது பிப்ரவரி 21-க்குள், அவர் எழுத்து வடிவில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். நம்மவர் இதனையே வக்கீல் நோட்டீஸ் என்பர்.

அறிவிப்பு பிப்ரவரி 5-இல் வணிகர் கையில் கிடைத்தது எனின், அவருக்குப் பணம் செலுத்த 15 நாள் உண்டு. பிப்ரவரி 20-க்குள் செலுத்திவிட்டால் குற்றமே நிகழவில்லை. இதனை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். காசோலை திரும்பிய நாளில் குற்றம் முழுமை பெறுவதில்லை. அறிவிப்புப் பெற்றும் 15 நாள்களுக்குள் செலுத்தாமையே அதனை முழுமையாக்குகின்றது. செலுத்தாவிடின் பிப்ரவரி 21-இல் வழக்குமூலம் எழுகின்றது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதாவது மார்ச் 21-க்குள், முறையீடு தாக்கலாக வேண்டும். தக்க காரணம் காட்டினால் காலத்தாழ்வை நீதிமன்றம் பொறுக்கலாம். ஆனால் 15 நாள் முடியுமுன்னரே தாக்கல் செய்த முறையீடு நிற்காது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அறிவிப்பே தமக்கு வரவில்லை என்பவர் என்செய்வது? அழைப்பாணை பெற்ற 15 நாள்களுக்குள் முழுத்தொகையையும் செலுத்தி, வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரலாம் என்று 2007-இல் அதே நீதிமன்றம் வழிகாட்டியது. அஞ்சல்காரர் கொண்டு வரும் உறையை வாங்க மறுத்துவிட்டால் தப்பிவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். சரியான முகவரிக்கு அனுப்பி மறுக்கப்பட்ட அறிவிப்பு, சேர்ந்ததாகவே கொள்ளப்படும். மறுப்பவர் இழப்பது தமக்குரிய அந்தப் பதினைந்து நாள்களையே.

எதிர்வாதத்தின் வழிகள்

நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று குறிப்பது வழக்கம். அச்சொல் பகைவர் என்னும் பொருளில் அன்று. எதிர்நின்று மறுமொழி கூறும் உரிமை உடையவர் என்னும் பொருளில் கொள்ளத்தக்கது.

பொதுவான குற்ற வழக்கில் எதிரி எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. காசோலை வழக்கிலோ 118, 139-ஆம் பிரிவுகள் ஓர் அனுமானத்தை வைத்துள்ளன. கையெழுத்து தம்முடையது என்று ஒப்புக்கொண்டால், காசோலை கடனுக்காகவே தரப்பட்டது என்று நீதிமன்றம் கொள்ளும். ஆயினும் அவ்வனுமானம் அசைக்க முடியாத மலை அன்று. ஐயத்துக்கு இடமின்றி மறுக்க வேண்டும் என்று எதிரியிடம் சட்டம் கேட்கவில்லை. தாம் கூறுவதே நடந்திருக்கக் கூடியது என்று தராசின் தட்டு சற்றே சாய்ந்தால் போதும். அதற்காக அவர் சாட்சிக் கூண்டில் ஏறியே தீர வேண்டும் என்பதும் இல்லை. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தும், அவர் தாக்கல் செய்த ஆவணங்களைக் கொண்டுமே அதனைக் காட்டலாம். 2010-லும் 2019-லும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இதனைத் தெளிவாக்கின.

நடைமுறையில் எழும் எதிர்வாதங்கள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனே இல்லை என்பது. கொடுத்ததாகச் சொல்லும் பெருந்தொகையைக் கொடுக்கும் வசதி அவருக்கு அன்று இருந்ததா என்று கேட்பதும் இதனுள் அடங்கும். எதிரி அவ்வினாவை எழுப்பினால், வசதி இருந்ததைக் காட்ட வேண்டியவர் முறையீட்டாளரே.

இரண்டாவது, காசோலை தந்த பின் ஒரு பகுதி செலுத்தப்பட்டது என்பது. செலுத்திய தொகையைக் காசோலையில் குறிக்காமல், முழுத்தொகைக்கும் அதனை வங்கியில் செலுத்தினால், அது திரும்பினும் குற்றம் ஆகாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆகவே, தவணை செலுத்தும்தோறும் ரசீது பெறுதல் இன்றியமையாதது.

மூன்றாவது, அறிவிப்பிலும் நாள்களிலும் உள்ள குறை. கேட்கப்படும் தொகை காசோலைத் தொகையே என்பது அறிவிப்பில் தெளிவாக இருத்தல் வேண்டும்.

நான்காவது, பொறுப்புடையவர் யார் என்பது. நிறுவனக் காசோலையாயின், கையெழுத்திட்டவரும் அந்நாளில் நிறுவன நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்தவரும் மட்டுமே பொறுப்பாவர்; பங்குதாரர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் அல்லர். கூட்டுக் கணக்கில் கணவர் மட்டும் கையெழுத்திட்ட காசோலைக்கு மனைவியைக் குற்றவாளியாக்க இயலாது என்று 2013-இல் தீர்ப்பாயிற்று.

ஐந்தாவது, ‘பிணையாகக் கொடுத்த காசோலை’ என்பது. இது மக்களிடையே மிகுதியாக நம்பப்படும் எதிர்வாதம். ஆனால் தனித்து நின்றால் வலுவற்றது. கடன் தவணை வந்தும் செலுத்தப்படாதிருந்தால், பிணைக் காசோலையும் இப்பிரிவின்கீழ் வரும் என 2021-இல் கூறப்பட்டது.

கையெழுத்தை அறிபவர் யார்?

‘அது என் கையெழுத்தே அன்று’ என்னும் எதிர்வாதத்தில்தான் இரு குற்றங்களும் சந்திக்கின்றன. அது மெய்யாயின், காசோலை வழக்கின் எதிரியே பொய்யாவண வழக்கின் முறையீட்டாளர் ஆகின்றார். ஆனால் வாயால் மறுத்தல் போதாது. வங்கியில் உள்ள மாதிரிக் கையெழுத்தின் சான்றிட்ட நகலைப் பெறலாம். வங்கி அலுவலரைச் சாட்சியாக அழைக்கலாம். தடய அறிவியல் துறையின் ஆவண வல்லுநரிடம் அனுப்பக் கோரலாம். வல்லுநர் கருத்து ஒரு சான்றே. அதுவே தீர்ப்பு ஆகாது. அதனை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. நீதிபதி தாமே இரு எழுத்துகளையும் ஒப்பிட்டு நோக்கவும் சாட்சியச் சட்டம் இடமளிக்கின்றது. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் செய்ததும் இதுவன்றோ!

பொய்க் கையெழுத்திட்ட காசோலைக்கு வங்கி பணம் கொடுத்துவிட்டால் இழப்பு யாருக்கு என்னும் வினாவும் எழும். பொய்க் கையெழுத்து வாடிக்கையாளரின் ஆணை ஆகாது. ஆகவே அவர் கணக்கில் அதனைப் பற்று வைக்க வங்கிக்கு உரிமையில்லை. கணக்கேட்டை அவர் நாள்தோறும் பார்க்கத் தவறினார் என்பது மட்டும் வங்கியைக் காக்காது என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், காசோலை ஏடு காணாமற் போனால் உடனே வங்கிக்கு எழுத்து வாயிலாகத் தெரிவித்து ஒப்புகை பெறுவதே அறிவுடைமை. வழக்கு வந்த பின் ‘தொலைந்து போயிற்று’ என்று முதன்முறையாகக் கூறுவோரை நீதிமன்றம் நம்புவது அரிது.

வெற்றுக் காசோலை என்னும் வலை

நம் ஊர்களில் கடன் கேட்கப் போகும் ஏழை வணிகரிடமும், மகள் திருமணத்துக்குப் பணம் தேடும் தந்தையிடமும், கையெழுத்து மட்டும் இட்ட வெற்றுக் காசோலைகளையும் வெற்றுப் புரோநோட்டுகளையும் கேட்டு வாங்கும் வழக்கம் உள்ளது. ‘வெறுந்தாள்தானே’ என்று கொடுத்துவிடுகின்றனர். தாமாக மனமுவந்து கையெழுத்திட்டு ஒருவரிடம் ஒப்படைத்த காசோலையில் அவர் பெயரும் தொகையும் நிரப்பினாலும், கடனுக்கான அனுமானம் எழும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வரம்பு மீறி நிரப்பினார் என்றால் அதனைக் காட்டும் சுமை கையெழுத்திட்டவரையே சாரும். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை எனின் எதனைக் கொண்டு காட்டுவார்? இருபதாயிரம் வாங்கியவர் இரண்டு இலட்சத்துக்கு வழக்கைச் சந்திக்க நேர்வது இவ்வாறுதான். நந்தகுமார் அறியாத சட்டத்தின் முன் நின்றார். நம்மவரோ அறிந்துகொள்ள முடிந்த சட்டத்தை அறியாமலே கூண்டில் ஏறுகின்றனர்.

ஈண்டுத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 282-ஆம் வசனத்தை நினைவு கூர்தல் பொருந்தும். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நேர்மையாக எழுதுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையலாகாது என்றும் அது பணிக்கின்றது. அதனுள் ஒரு நுட்பம் உண்டு. எழுத வேண்டிய வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன் பட்டவரே. தம் பொறுப்பு எவ்வளவு என்பதை அவர் வாயாலேயே சொல்ல, எழுத்தர் எழுதுகின்றார். வெற்றுக் காசோலையில் இம்முறை தலைகீழாகின்றது. கடன் பட்டவர் வாய்மூடி நிற்க, கொடுத்தவர் தாம் விரும்பியதை எழுதிக்கொள்கின்றார்.

எனவே, கையெழுத்திடுமுன் பெயர், தொகை, நாள் மூன்றும் நிரப்பப்பட்டிருத்தல் வேண்டும். தொகையை எழுத்திலும் எண்ணிலும் இடைவெளியின்றி எழுதி, பெறுநர் பெயருக்குக் கோடிட்டு வழங்க வேண்டும். எதற்காக வழங்கினோம் என்பதைத் தனித்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கடன் தீர்ந்த அன்றே காசோலையைத் திரும்பப் பெற வேண்டும். நோட்டீஸ் வந்தால் மடித்து வைக்காமல், அன்றே வழக்கறிஞரை நாடி மறுமொழி அனுப்ப வேண்டும். வசதி இல்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் கேட்கலாம். மகளிர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமான வரம்பு இன்றியே சட்ட உதவி பெற உரியவர். இணக்கம் காண விரும்புவோர்க்கு மக்கள் நீதிமன்றம் உண்டு.

முடிவுரை

கடன் கொடுத்தவர் பொருள் இழத்தலும் துயரம். குற்றமற்றவர் சிறை புகுதலும் துயரம். சட்டம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்க முயல்கின்றது. பொய்யாவணத்தில் உள்ளத்தை ஆராய்கின்றது. காசோலையில் நாள்களை எண்ணுகின்றது. இரண்டிலும் எதிரியின் மறுமொழியைக் கேட்ட பின்னரே தீர்ப்புரைக்க வேண்டும் என்கின்றது. இவ்வறிவை வழக்கறிஞர்க்கே உரியதென்று விட்டுவிடாமல், தமிழ் பயின்ற நாம் எழுதப் படிக்கச் சிரமப்படும் நம் உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும். அடுத்த முறை ஒரு பெரியவர் நம்மிடம் வந்து, ‘தம்பி, இந்த செக்கில் எங்கே கையெழுத்துப் போடணும்?’ என்று கேட்பாராயின், இடத்தைக் காட்டுமுன், ‘தொகையை எழுதியாயிற்றா, ஐயா?’ என்று நாம் கேட்போமாக.